மேனியாக்: பைத்தியம் பிடிக்காதவர்களின் கதை

முதலில் ஒரு வாக்குமூலம்.

படிக்கும்போது நோட்டில் குறிப்பு எடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இடப்பக்கம் புத்தகத்தில் இருப்பது, வலப்பக்கம் எனக்குத் தோன்றுவது. ஜான் வான் நியூமனைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, 'விக்னர் சொன்னது' என்று நான் எப்போதோ குறித்து வைத்த ஒரு வரி கண்ணில் பட்டது. பிரமாதமான வரி. அதையே கட்டுரையின் தொடக்கமாக வைத்து இரண்டு நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒருவர் மட்டும் கேட்டார்: "நல்லா இருக்குங்க, ஆனா விக்னர் இதை எங்க சொன்னாரு?"

தேடினேன். விக்னர் எங்கேயும் சொல்லவில்லை. பெஞ்சமின் லபாதுத் எழுதிய நாவலில் விக்னர் என்ற பெயரில் பேசும் கதாபாத்திரம் சொன்னது அது. என் நோட்டில் நாவலும் வரலாறும் ஒரே மையில் ஒன்றாகிப் போயிருந்தன.

கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. நான் ஏன் அந்த வரியை அவ்வளவு சுலபமாக நம்பினேன்? ஒரு மேதை இப்படித்தான் இருப்பான் என்று என் தலைக்குள் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. நாவல் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது. அவ்வளவுதான். அந்தப் படம் எவ்வளவு சரி என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

நாவல் எதைப் பற்றியது?

லபாதுத் 1980இல் ரோட்டர்டாமில் பிறந்தவர், சிலி நாட்டு எழுத்தாளர். அறிவியலாளர்களைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதிய முந்தைய புத்தகம் 2021இல் சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. 'மேனியாக்' 2023இல் வெளியானது. இதை நேராக ஆங்கிலத்திலேயே எழுதினார்.

புத்தகத்துக்கு மூன்று பாகம். முதலாவது, பால் எரென்ஃபெஸ்ட் என்ற இயற்பியலாளரின் முடிவு. இரண்டாவதும் ஆகப் பெரியதும் வான் நியூமனின் வாழ்க்கை. மூன்றாவது, 2016இல் கொரியாவின் லீ செடோலுக்கும் அல்ஃபாகோ என்ற புரோகிராமுக்கும் நடந்த 'கோ' ஆட்டம். மூன்றையும் கோத்துப் பார்த்தால் கிடைக்கிற சித்திரம் இது: மனித அறிவு தன் எல்லையைத் தாண்டியது, தாண்டியவர்கள் நிலைகுலைந்தார்கள், கடைசியில் அந்த அறிவு மனிதனை விட்டே விலகி இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தலைப்பிலேயே பைத்தியம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1952இல் ஓடத் தொடங்கிய கம்ப்யூட்டருக்கு நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் வைத்த பெயர் அது. ஆங்கிலத்தில் சில தொழில்நுட்பச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பித்துப் பிடித்தவன்' என்று வரும். ஆளாளுக்குத் தங்கள் இயந்திரத்துக்கு இப்படி முதலெழுத்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம். இவ்வளவு அபத்தமாக ஒன்றை வைத்தால் அதோடு இந்த வியாதி நிற்கும் என்று நினைத்தாராம். நிற்கவில்லை. ஆக, தலைப்பில் உள்ள பைத்தியம் முதலில் ஒரு ஜோக்.

வாசிக் என்ற பையன்

எரென்ஃபெஸ்ட் வியன்னாக்காரர், போல்ட்ஸ்மனின் மாணவர். 1912இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் லோரன்ட்ஸின் நாற்காலிக்கு வந்தார். ஐன்ஸ்டைனின் நெருங்கிய நண்பர். பெரிய கண்டுபிடிப்பாளர் என்பதைவிட, பெரிய ஆசிரியர். ஒரு கோட்பாட்டில் எது உண்மையில் புரிந்தது, எது புரிந்த மாதிரி நடிக்கிறது என்று பிரித்துக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. குவாண்டம் இயற்பியல் வேகமெடுத்தபோது, கணக்கு ஓடுகிறது ஆனால் புரிதல் பின்தங்குகிறது என்ற தவிப்பு அவருக்கு வந்தது. தான் எதற்கும் உதவாதவன் என்று உறுதியாக நம்பத் தொடங்கினார். 1932இல் நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டார். தற்கொலை எண்ணம் அதிலேயே இருக்கிறது.

1933 செப்டம்பர் 25. ஆம்ஸ்டர்டாம். அவருடைய கடைசி மகன் வாசிக்குக்கு 15 வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. எரென்ஃபெஸ்ட் அவனைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார்.

இதை நாவல் ஒரு முன்னறிவிப்பாக வைக்கிறது. மனிதத்தன்மை இல்லாத ஒரு தர்க்கம் வரப்போகிறது, அதை முதலில் முகர்ந்தவர் எரென்ஃபெஸ்ட் என்பது போல. எழுத்து வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது முறை படிக்கும்போது எனக்கு உறுத்தியது. அந்த வருடத்தின் பின்னணியைப் பாருங்கள். வாசிக் அதுவரை ஜெர்மனியில் ஒரு காப்பகத்தில் இருந்தவன். ஹிட்லர் வந்ததும் ஹாலந்துக்குக் கொண்டுவந்தார்கள். 'பரம்பரை நோய்' உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை 1933 ஜூலையில் ஜெர்மனி கொண்டுவந்தது. வேலையிழந்த யூத இயற்பியலாளர்களுக்கு வேறு நாட்டில் இடம் தேடி எரென்ஃபெஸ்ட் அலைந்துகொண்டிருந்தார். கூடவே வருடக்கணக்கான மனச்சோர்வு, வீட்டுக்குள் சிக்கல்.

இவ்வளவும் சேர்ந்த ஒரு சம்பவத்தை 'மேதையின் பைத்தியம்' என்று சொன்னால் என்ன ஆகிறது? அப்பாவின் தத்துவ வேதனை முன்னால் வந்துவிடுகிறது. கொல்லப்பட்ட பையன் அதற்கு ஒரு குறியீடாகச் சுருங்கிவிடுகிறான். ஒரு சாதாரண மனிதர் செய்திருந்தால் அதை நாம் கொலை என்போம். என் நோட்டில் வலப்பக்கம் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: 'வாசிக் குறியீடு இல்லை. பிள்ளை.'

வாயே திறக்காத கதாநாயகன்

வான் நியூமன் பகுதியில் லபாதுத் ஒரு நல்ல உத்தியைக் கையாள்கிறார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசுகிறார்கள்: விக்னர், முதல் மனைவி மரியெட், இரண்டாவது மனைவி கிளாரா, மகள் மரீனா, ஃபைன்மன், மோர்கன்ஸ்டர்ன், பொறியாளர் பிகலோ. வான் நியூமன் மட்டும் பேசுவதில்லை. நடுவில் ஒரு பள்ளம் மாதிரி இருக்கிறார். என்னைப் போன்றவர்கள் ஏமாறுவது இங்கேதான். எல்லாம் நிஜப் பெயர்கள். ஆனால் பேச்சு அத்தனையும் நாவலாசிரியர் எழுதியது.

பதிவாகியிருக்கிற வான் நியூமன் யார்? 1903இல் புடாபெஸ்டில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன செகோ, கண்ணில் நீரோடு வீடு திரும்பினார் என்று அவர் மனைவி நினைவுகூர்ந்திருக்கிறார். தான் பயந்த ஒரே மாணவன் இவன்தான் என்று பிற்காலத்தில் போல்யா சொன்னார். விருந்துகளில் ஜோக் அடிப்பவர், காரைக் கண்டபடி ஓட்டி அடிக்கடி மோதுகிறவர், நல்ல சாப்பாட்டுப் பிரியர். தனிமையில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஞ்ஞானி பிம்பத்துக்கும் இவருக்கும் வெகுதூரம்.

அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம் 1930இல் வருகிறது. கணிதம் முழுவதையும் சில அடிப்படை விதிகளிலிருந்து கட்டி எழுப்பிவிடலாம், அதில் முரண் வராது என்றும் நிரூபித்துவிடலாம் என்பது ஹில்பர்ட்டின் கனவு. இளம் வான் நியூமன் அதில் உழைத்தவர். அந்தச் செப்டம்பரில் கோனிக்ஸ்பெர்க் கருத்தரங்கில் கோடெல் என்ற 24 வயதுக்காரர் அமைதியாக ஒரு விஷயம் சொன்னார். கணக்குப் போட வசதியுள்ள, முரணில்லாத எந்த விதித் தொகுப்பிலும், அந்த விதிகளால் நிரூபிக்க முடியாத உண்மைகள் இருக்கும் என்று. அங்கே இருந்தவர்களில் அதன் கனத்தை உடனே பிடித்தவர் வான் நியூமன். நவம்பரில் கோடெலுக்குக் கடிதம் போட்டார்: அப்படியானால் ஒரு தொகுப்பு தன்னிடம் முரணில்லை என்பதையும் தனக்குள்ளேயே நிரூபிக்க முடியாதே! கோடெல் அதையும் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார்.

நாவல் இதை ஒரு உடைவாகக் காட்டுகிறது. அஸ்திவாரம் போனது, அதோடு தடையும் போனது என்பதாக. அது நாவலாசிரியரின் ஊகம். நடந்தது என்னவென்றால், அவர் மெல்ல வேறு வேலைகளுக்கு நகர்ந்தார்: குவாண்டம் இயக்கவியலின் கணிதம், ஆட்டக் கோட்பாடு, வெடி அலைகள், கம்ப்யூட்டர். நாகசாகி குண்டில் பயன்பட்ட உள்நோக்கி வெடிக்கும் அமைப்புக்கு அவருடைய கணக்கு முக்கியம். நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் அமைப்பை விவரிக்கும் அறிக்கையை 1945 ஜூனில் எழுதினார். நீங்கள் இதைப் படிக்கும் போன் வரை அந்த அமைப்பின் வாரிசுதான்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், 1945 மே 10, 11. லாஸ் அலமோஸில் ஓப்பன்ஹைமரின் அறையில் ஒரு கூட்டம். எந்த நகரத்தில் குண்டு போடுவது என்று பரிந்துரைக்கும் இலக்குக் குழு. வான் நியூமன் அதில் இருந்தார். அந்தக் கூட்டத்தின் குறிப்புகள் இன்று யாரும் படிக்கலாம். எந்த உயரத்தில் வெடிக்க வேண்டும், வானிலை எப்படி இருக்க வேண்டும், எந்தெந்த நகரம் என்று வரிசையாகப் போகிறது. பட்டியலில் முதலில் கியோட்டோ. அது அறிவுத்துறையினரின் நகரம், இந்த ஆயுதத்தின் பொருள் அங்குள்ளவர்களுக்கு நன்றாக விளங்கும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதமாக நின்று கியோட்டோவை நீக்கினார்.

இந்தக் குறிப்புகளைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாவலில் எந்த இடத்திலும் வராத பயம் இதில் வந்தது. யாரும் கத்தவில்லை. யாருக்கும் பித்துப் பிடிக்கவில்லை. நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரியேதான் இருக்கிறது.

சீட்டுக்கட்டிலிருந்து குண்டுக்கு, குண்டிலிருந்து பலகைக்கு

நாவலின் மூன்றாம் பாகம் திடீரென்று சோலுக்குத் தாவுகிறது. "வான் நியூமனுக்கும் கோ ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு, அதுவும் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

1946இல் ஸ்டானிஸ்லா உலாம் மூளை அழற்சியிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல் தனியாகச் சீட்டு ஆடினார். ஒரு ஆட்டம் கைகூடுவதற்கான நிகழ்தகவு எவ்வளவு? சூத்திரம் போட்டால் தலை சுற்றுகிறது. அதற்குப் பதிலாக நூறு தடவை சும்மா ஆடிப் பார்த்து, எத்தனை தடவை ஜெயித்தோம் என்று எண்ணினால் என்ன? இதையே குண்டுக்குள் நியூட்ரான்கள் எப்படிப் பரவுகின்றன என்ற கணக்குக்கும் பயன்படுத்தலாம் என்று உலாமும் வான் நியூமனும் பேசி வளர்த்தார்கள். சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊரின் பெயரால் அது 'மான்ட்டி கார்லோ' முறை ஆனது. 1948இல் எனியாக் கம்ப்யூட்டரில் இதை ஓட்டுவதற்கான நிரலாக்கத்தில் பெரும் பங்கு கிளாராவுடையது. கணவர் மேதை என்ற வெளிச்சத்தில் பல காலம் கண்ணுக்குத் தெரியாமல் போன வேலை.

பிரின்ஸ்டனில் வான் நியூமன் குழு கட்டிய இயந்திரத்தின் நினைவகம் சுமார் 5 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படத்துக்குக்கூடக் காணாது. அதில் ஹைட்ரஜன் குண்டுக்கான கணக்குகள் ஓடின. 1952 நவம்பர் 1 அன்று பசிபிக்கில் வெடித்த முதல் சோதனையில் எலுகெலாப் என்ற தீவே காணாமல் போனது. அடுத்த வருடம் அதே இயந்திரத்தில் பாரிசெல்லி என்பவர் எண்களையே உயிரினங்கள் போலப் பெருகவிட்டுப் பரிணாமம் நடக்கிறதா என்று பார்த்தார். லாஸ் அலமோஸில் இருந்த மேனியாக் 1956இல் ஆறுக்கு ஆறு கட்டத்தில், பிஷப் இல்லாத ஒரு குட்டிச் செஸ் ஆடி, அப்போதுதான் ஆட்டம் கற்றுக்கொண்ட ஒருவரைத் தோற்கடித்தது.

இப்போது சோலுக்கு வாருங்கள். கோ பலகை 19க்கு 19, மொத்தம் 361 புள்ளிகள். கறுப்புக் காய், வெள்ளைக் காய், அவ்வளவுதான். ஆனால் சாத்தியமான நிலைகள் சுமார் 10இன் 170ஆவது அடுக்கு. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களைவிட எத்தனையோ மடங்கு. எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பது நடக்காது. அல்ஃபாகோவில் இரண்டு சங்கதிகள் சேர்ந்தன. மனிதர்களின் ஆட்டங்களைப் பார்த்தும் பிறகு தன்னோடு தானே ஆடியும் பழகிய நரம்பு வலைகள் ஒன்று. எந்தக் கிளையில் போய்த் தேடலாம் என்று முடிவு செய்யும் தேடல் முறை இன்னொன்று. அந்தத் தேடலின் பெயர் மான்ட்டி கார்லோ மரத் தேடல். நோயாளியின் சீட்டுக்கட்டில் தொடங்கியது, குண்டு வழியாகச் சுற்றி, மறுபடி ஒரு ஆட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

37, 78

2016 மார்ச் 10, இரண்டாவது ஆட்டம். லீ சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தார். அந்த நேரத்தில் அல்ஃபாகோ 37ஆவது காயை வைத்தது. மனித ஆட்டக்காரர் யாரும் அங்கே வைக்கமாட்டார். ஒரு மனிதர் இதை ஆட வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று அந்தப் புரோகிராமே மதிப்பிட்டிருந்தது. வர்ணனையாளர்கள் முதலில் தவறு என்று நினைத்தார்கள். லீ திரும்பி வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கும் மேல் யோசித்தார். தோற்றார்.

மார்ச் 13, நான்காவது ஆட்டம். ஏற்கெனவே மூன்று தோல்வி, தொடர் கையைவிட்டுப் போயாயிற்று. 78ஆவது காயை லீ இரண்டு காய்களுக்கு நடுவே ஆப்பு போலச் செருகினார். அல்ஃபாகோ அதை எதிர்பார்க்கவில்லை. 79இல் தவறியது, தவறியது தெரியவே 87 ஆனது. அந்த ஆட்டத்தில் லீ ஜெயித்தார். தொடர் 4-1. அடுத்த வருடம் வந்த அல்ஃபாகோ ஜீரோவுக்கு மனித ஆட்டம் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. விதிகள் மட்டும். மூன்று நாள் தன்னோடு ஆடிவிட்டு, லீயை வென்ற பதிப்பை நூற்றுக்கு நூறு தோற்கடித்தது. 2019 நவம்பரில் லீ ஓய்வு பெற்றார். தான் முதலிடத்துக்கு வந்தாலும் வெல்ல முடியாத ஒன்று இருக்கிறதே என்றார்.

நாவல் இங்கே முடிவது சரிதான். ஆனால் வாழ்க்கை அங்கே முடியவில்லை. செஸ்ஸில் காஸ்பரோவ் 1997இலேயே தோற்றார். அதற்குப் பிறகும் செஸ் சாகவில்லை. இன்று சென்னையில் செஸ் படிக்கிற பிள்ளைகள் எஞ்சினை வாத்தியார் மாதிரி வைத்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். லீயின் துக்கம் உண்மை. அதுதான் எல்லோருக்குமான விதி என்பது மட்டும் நாவலின் சேர்க்கை.

சரி, பைத்தியம் எங்கே?

கணக்குப் பார்ப்போம். எரென்ஃபெஸ்டுக்கு இருந்தது கடும் மனச்சோர்வு. கோடெலுக்குப் பிற்காலத்தில் மனநோய் உண்டு, ஆனால் அவர் எந்தக் குண்டும் செய்யவில்லை. லீ செடோல் மனமுடைந்த ஒரு விளையாட்டு வீரர். வான் நியூமன்? 1957இல் புற்றுநோயால் இறந்தார். தன் மூளை நின்றுபோகும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை என்று நிஜ விக்னரே எழுதியிருக்கிறார். அது பைத்தியம் இல்லை, மரண பயம். யாருக்குத்தான் இல்லை?

இன்னொன்று. 1955இல் வான் நியூமன் ஒரு வணிகப் பத்திரிகையில், தொழில்நுட்பத்தை நாம் தாக்குப்பிடிப்போமா என்று ஒரு கட்டுரை எழுதினார். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வரும் கார்பன் டை ஆக்சைடு பூமியைச் சூடாக்கியிருக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. முன்னேற்றத்தை நிறுத்தும் மருந்து எதுவும் கிடையாது, அன்றன்றைக்கு யோசித்து முடிவெடுப்பதுதான் வழி என்று முடிக்கிறார். ஆபத்து தெரியாத ஆள் இல்லை அவர். நன்றாகத் தெரிந்தும் செய்தார். சோவியத் யூனியனை முந்திக்கொண்டு தாக்க வேண்டும் என்ற கட்சியிலும் இருந்தார்.

இதனால்தான் 'பைத்தியக்கார மேதை' என்ற கதை எனக்கு இப்போது கசக்கிறது. அது நமக்கு ரொம்ப வசதியான கதை. பித்துப் பிடித்த ஒருவன் செய்தான் என்றால் மற்ற யாரும் பொறுப்பில்லை. நம்மூரிலும் இது உண்டு. ராமானுஜன் என்றாலே நாமகிரித் தாயார் கனவில் வந்ததைத்தான் முதலில் சொல்வோம். காரின் தொகுப்பு நூலை வைத்துக்கொண்டு, சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்து அவர் போட்ட வருடங்கள் பின்னால் போய்விடும். அதிசயமோ பைத்தியமோ, இரண்டுமே உழைப்பையும் முடிவையும் மறைக்கிற திரைகள்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் இது வெறும் இலக்கியச் சர்ச்சை இல்லை. அதைக் கட்டுகிறவர்கள் பித்தர்கள் அல்லர். சம்பளம் வாங்கி, மீட்டிங் போட்டு, குறிப்பு எழுதி, பட்டியலில் முதலில் எது என்று முடிவு செய்கிறவர்கள். எந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுப்பது, யாரைக் கேட்காமல் கொடுப்பது என்பதெல்லாம் அந்த அறைகளில் நடக்கிறது. நாம் பித்தனைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த அறையின் கதவைத் தட்டவே மாட்டோம். 1945இல் கியோட்டோவைக் காப்பாற்றியது மேதைமை இல்லை. பதவியில் இருந்த ஒருவர் 'இது வேண்டாம்' என்று சொன்னது. அதே பட்டியலில் கடைசி நேரத்தில் நாகசாகி சேர்ந்ததையும் மறக்க வேண்டாம்.

அப்போ 'மேனியாக்' படிக்கலாமா? தாராளமாகப் படியுங்கள். மூன்றாம் பாகத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள். ஒரே ஒரு யோசனை: கையில் இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். விக்னர் பேசுவது ஒரு நிறத்தில், நாவலின் விக்னர் பேசுவது இன்னொரு நிறத்தில்.

என் நோட்டில் அந்தப் பழைய வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் பச்சை மையில் ஒரே வார்த்தை எழுதியிருக்கிறேன்: லபாதுத்.